பிரான்ஸ் அரசி ஜான் தெவ்ரோவின் ‘மணிநேர நூல்’ என்பது என்ன? ஏன் அவ்வளவு சிறியது?

நாளின் எட்டு வேளைக்கும் உரிய ஜெபங்களைக் கொண்ட கையெழுத்துப் பிரதி இது. துறவிகள் மடத்தில் ஓதும் ஜெபமுறையின் சுருக்கம், இல்லறத்தாருக்காக. ஓவியர் ஜான் புசெல் 1324–1328 வாக்கில் பாரிசில் தீட்டினார். உயரம் சுமார் 9 செ.மீ.தான், கைபேசியைவிடச் சிறியது!

சபையில் வாசிக்க அல்ல, அரசி தனிமையில் கையில் வைத்து ஜெபிக்கச் செய்தது. அதனால்தான் இந்த அளவு. சபையில் வாசிக்கும் பெரிய நூல் கோயில் குத்துவிளக்கு என்றால், இது உள்ளங்கை அகல். பக்க ஓரங்களின் ஓவியங்களில் குரங்கும் முயலும் சேட்டை செய்கின்றன. ஜெபத்தில் கவனம் நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரசியின் ஓவிய நூல் என்றால் பக்கமெல்லாம் பொன்னும் வண்ணமும் மின்னும் எனப் பலர் நினைக்கிறார்கள். இதில் உருவங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான், வண்ணம் ஆங்காங்கே தொட்டுக்கொள்ள மட்டும்.