கேளுங்க, சொல்றேன்: மீனாட்சியைப் பார்த்தாச்சு, அடுத்து எங்கே?

(பதில் சொல்பவர், மதுரை யா. ஒத்தக்கடைப் பக்கத்துக் கிராமங்களில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு மதுரை வருகிறோம். மீனாட்சியம்மன் தரிசனம் முடிந்த மறுநாள் காலை, அரை நாள் கையில் இருக்கும். கூட்டமில்லாத பழைய கிராமத்துக் கோயில் ஒன்று சொல்லுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பிள்ளைகளுக்கு 10 வயது, 13 வயது. கோயில் என்றாலே ‘போர்’ என்கிறார்கள்.
– வாசகி, பெங்களூரு

யானைமலை அடிவாரத்து நரசிங்கம் கிராமத்துக்குப் போங்க தாயி. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் வந்தால் உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டி ஒத்தக்கடை. பஸ்ஸில் ‘யா. ஒத்தக்கடை’ என்று போட்டிருக்கும், அந்த ‘யா’ யானைமலை. இறங்கினதுமே மலை தெரியும். தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற யானையைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அங்கிருந்து ஆட்டோ எடுத்தால் அடிவாரத்திலேயே யோக நரசிம்மர் கோயில். மலை ஏறுகிற வேலை கிடையாது, அதனால் மாமியாரைத் தைரியமாகக் கூட்டிட்டுப் போகலாம்.

வெளியில் பார்த்தால் சாதாரணக் கோயிலாகத்தான் இருக்கும். முன்னால் இருக்கிற மண்டபங்களெல்லாம் பிற்காலத்தில் கட்டிச் சேர்த்தவை. உள்ளே போகப் போகத்தான் கல் மாறும். கட்டின கல் முடிந்து குடைந்த கல் ஆரம்பிக்கிற இடத்தில் மாமியாரை ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு, சுவரைக் கையால் தொட்டுப் பாருங்க. இணைப்பே இருக்காது. கருவறையும் மலை, சாமியும் மலை. அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை உயர்த்துகிறபோதுதான் அந்த முகம் முழுசாகத் தெரியும். முழங்கால் மேல் கையை நீட்டி யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பெரிய உருவம். தட்டு இறங்கினதும் திரும்பிவிடாதீங்க, இன்னொரு தரம் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். கூட்டமில்லாத கோயிலில் இதுதான் சௌகரியம்.

இந்தக் கோயிலை யார் குடைந்தார்கள், எப்போது என்பதற்கு அங்கேயே பாறையில் பதில் வெட்டியிருக்கிறது. தமிழை வட்டெழுத்து என்ற பழைய எழுத்திலும், சமஸ்கிருதத்தைக் கிரந்த எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். கலியுக ஆண்டு 3871, அதாவது கி.பி. 770. பாண்டியன் நெடுஞ்சடையனுக்கு மந்திரியாக இருந்த மாறன் காரி குடைவித்த கோயில். களக்குடிக்காரர், வைத்தியர் குலம். அதே பாண்டியன் கொடுத்த வேள்விக்குடிச் செப்பேட்டிலும் இவர் பெயர் வருகிறது. ஆனால் கோயிலுக்குக் குடமுழுக்கு நடப்பதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்குப் பிறகு மந்திரி பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன்தான் முகமண்டபத்தைச் செய்து குடமுழுக்கையும் நடத்தினார். தம்பி நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கலாம். அண்ணன் செய்தது இன்னது, நான் செய்தது இன்னது என்று கணக்கைப் பிரித்து எழுதியிருக்கிறார். இந்தக் காலத்தில் ஒரு டியூப்லைட் உபயம் செய்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிறோம். (நம்மாழ்வாருக்கு மாறன் என்றும், அவர் அப்பாவுக்குக் காரி என்றும், சீடருக்கு மதுரகவி என்றும் பெயர். கல்வெட்டிலும் இந்தப் பெயர்கள் வருவதால் நம்மாழ்வார் காலத்தை இந்தக் கல்வெட்டோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. அந்த வழக்குக்குள் நாம போக வேண்டாம்.)

பிள்ளைகளுக்கு அடுத்த வேலை லாடன் கோயில். அதே மலையடியில், கொஞ்சம் தள்ளி. சின்னக் குடைவரை, உள்ளே முருகனும் தெய்வானையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே சேவலும் மயிலும் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் போட்டி வையுங்க. பூட்டியிருந்தால் கம்பி வழியே பார்க்க வேண்டியதுதான். மலைமேல் சமணத் துறவிகளின் கல்படுக்கையும், தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்தும், தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. ஏற வேண்டும், உங்கள் மாமியாரோடு ஆகாது, அடுத்த முறைக்கு வையுங்க. இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கிறோம் என்று 2010 வாக்கில் ஒரு பேச்சு வந்தபோது நரசிங்கத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள், அதனால் மலை தப்பித்தது.

பிரதோஷத்தன்று மட்டும் போயிராதீங்க. மற்ற பெருமாள் கோயில்களில் பொதுவாக இல்லாத வழக்கமாக இங்கே பிரதோஷத்துக்குத்தான் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் வெள்ளெனக் கிளம்பிப் போங்க, மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான். வாழைப்பழப் பையைக் கையில் தொங்கவிடாதீங்க, குரங்குகளுக்கு நல்ல பழக்கம் இருக்கு. நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே திருமோகூர். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய காளமேகப் பெருமாள். பதினாறு கைச் சக்கரத்தாழ்வாரைப் பார்த்த பிறகு மண்டபத்தில் மருது சகோதரர்கள் சிலையையும் பாருங்க.

கேள்வி: எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் ‘ரெண்டாயிரம் வருஷம் பழசு’ என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திருமங்கலம்

சொல்கிறவர் மனசு நோகாமல் தலையாட்டிவிட்டு, கல்லைப் பாருங்க தம்பி. மதுரைப் பக்கம் பாறையைக் குடைந்த கோயில் என்றால் பெரும்பாலும் 7, 8, 9ஆம் நூற்றாண்டு. கல்வெட்டு வட்டெழுத்தில் இருந்தால் சோழர் இங்கே கால் ஊன்றுவதற்கு முந்தியது என்று சுமாராகச் சொல்லலாம். ராஜராஜன் காலத்துக்கு அப்புறம் பாண்டிநாட்டிலும் தமிழ் எழுத்தே பரவி வட்டெழுத்து மெல்ல மறைந்தது. தூணில் யாளி பாய்ந்துகொண்டு நின்றால், அது நாயக்கர் கைவரிசை, 16, 17ஆம் நூற்றாண்டு. ஒரே கோயிலில் மூன்றும் இருக்கும், ஆளாளுக்குச் சேர்த்ததுதான்.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று மாவைத் தேய்க்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க, சுண்ணாம்பு அடிக்க விடாதீங்க. காலை வெயில் சாய்வாக விழுகிறபோது வெறுங்கண்ணுக்கே தெரியும். உள்ளே இருட்டாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்க. மணல்வீச்சு, அதாவது மெஷினால் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வது பற்றிச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். நான் தபால் கொடுத்த ஊர் ஒன்றில் திருப்பணி என்ற பெயரில் மெஷினை வைத்துத் தூணைப் பளிச்சென்று ஆக்கினார்கள். அதற்கு முன்னால் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்த வரி, இப்போது விரலுக்கே தட்டுப்படவில்லை. இதற்குத் தடை இருக்கிறது. உங்கள் ஊரில் யாராவது ஆரம்பித்தால் மெஷின் வந்து இறங்குகிற அன்றைக்கே அறநிலையத் துறைக்கு எழுதிப் போடுங்க. பதிவுத் தபாலில் போடுங்க, ரசீதைப் பத்திரமாக வையுங்க.

கேள்வி: கிராமத்துக் கோயிலில் அர்ச்சகர் தட்டில் எவ்வளவு போடுவது?
– வாசகி, திண்டுக்கல்

இவ்வளவு என்று சட்டமில்லை, பிரியப்பட்டது போடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்க: ஒருகால பூஜை, அதாவது நாளுக்கு ஒருவேளை மட்டும் பூஜை நடக்கிற கோயில் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் அரசு அறிவித்தபோது அது பெரிய செய்தியாக வந்தது. அதிலேயே அவர்கள் நிலைமை புரியும். பணம் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் நல்லெண்ணெய், திரி, கற்பூரம் வாங்கிக் கொடுங்க. ‘தீப எண்ணெய்’ என்று பளபள பாட்டிலில் விற்பது வேண்டாம், புகையும் பிசுக்கும் கல்லில் படியும்.

கேள்வி: கிராமக் கோயிலில் போன் கொண்டுபோகலாமா?
– வாசகர், விருதுநகர்

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. கிராமத்தில் வாங்கி வைக்க ஆளும் இருக்காது, பெட்டியும் இருக்காது. அணைத்துப் பையில் போடுங்க. மூலவரைப் படம் எடுக்காதீங்க. வெளிமண்டபத்துத் தூணை எடுக்க வேண்டுமென்றால் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. கேட்காமல் எடுத்தால் வைவார்கள்.

கேள்வி: நரசிம்மர் உக்கிரமான தெய்வம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகக் கூடாது என்கிறாள் என் அக்கா. நிஜமா?
– வாசகி, மேலூர்

உங்கள் அக்கா இரணியன் குடலை உருவுகிற படத்தைப் பார்த்திருப்பார். யானைமலையில் இருப்பவர் யோகத்தில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு உக்கிரமாக்கினதே பிரகலாதன் என்கிற சின்னப் பிள்ளைதான், பிள்ளைகளை வராதே என்பாரா? கூட்டிட்டுப் போங்க. பானகம் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு டம்ளர் கூடவே வாங்கிக் கொடுங்க. அக்காவையும் அழைச்சுட்டுப் போங்க.