பாராசைட்டாலஜி (ஒட்டுண்ணிகள பத்தின படிப்பு) எல்லாம் பழைய சப்ஜெக்ட், இப்போ படிச்சு என்ன பிரயோஜனம்?

எம்எஸ்சி சேரப் போறீங்க, வீட்ல "புழு பூச்சிய பத்தி படிக்கவா இவ்ளோ ஃபீஸ்"னு கிண்டல் பண்ணிருப்பாங்க, அதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, சவுகார்பேட்டைல ஒரு கடைல கணக்கு எழுதுறவன், கமெண்ட்ல வந்து பாயாதீங்க. ஆனா ஒரு ஒட்டுண்ணி என் உடம்புல வாடகை குடுக்காம குடியிருந்துச்சு, அந்த தகுதில எழுதுறேன்.

அப்போ பழைய வண்ணாரப்பேட்டைல இருந்தோம். ஒரு சாயங்காலம் குளிர் தூக்கிப் போடுது, ரெண்டு போர்வை போத்தியும் பல்லு டைப்படிக்குது, அப்புறம் நெருப்பா ஜுரம், அப்புறம் வேர்த்துக் கொட்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் கடைக்கே போயிட்டேன். அதுக்கு மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப ஆரம்பம். தெருமுனை லேப் அண்ணன் விரல்ல குத்தி கண்ணாடில தேச்சு, சாயம் போட்டு, "வா தம்பி பாரு"ன்னு மைக்ராஸ்கோப்ப காட்டினாரு. வெளிர் ரோஸ்ல வட்டம் வட்டமா ரத்த அணு, ஒண்ணு மட்டும் உப்பிப் போய், உள்ள நீலமா ஒரு மோதிரம், அதுல கல்லு பதிச்சாப்ல செவப்பு புள்ளி. வைவாக்ஸ்ங்கற வகை மலேரியான்னாரு. அந்த சாயத்துக்கு பேரு லீஷ்மனாம், அத உருவாக்கின டாக்டரோட பேரு. அதே லீஷ்மனும், நம்ம சென்ட்ரல் எதிர்ல பெரியாஸ்பத்திரில வேலை பாத்த டோனவனும் 1903ல தனித்தனியா காலா அசார்ங்கற கருங்காய்ச்சலோட கிருமிய கண்டுபிடிச்சவங்க, கிருமிக்கு ரெண்டு பேரு பேரையும் சேத்து லீஷ்மேனியா டோனோவானின்னு வெச்சாங்க. மெட்ராஸ்காரனுக்கே இது தெரியாது.

மூணு நாள் குளோரோகுயின், 14 நாள் பிரைமாகுயின்னு மாத்திரை குடுத்தாங்க. ஜுரம்தான் போச்சேன்னு அஞ்சாம் நாளே நிறுத்திட்டேன், தப்பு என் மேலதான். நாலு மாசத்துல திரும்ப வந்துச்சு. வைவாக்ஸ் ரத்தத்துல செத்தாலும் கல்லீரல்ல தூங்கிட்டு இருக்கும், அத கொல்லத்தான் அந்த 14 நாள்னு டாக்டர் காய்ச்சி எடுத்தாரு. புது கொசு கடிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க, இருக்கலாம், ஆனா மாத்திரைய முடிச்சப்புறம் இன்னிவரைக்கும் வரல. ரொனால்ட் ராஸ்ங்கற டாக்டர் 1897ல செகந்திராபாத்ல கொசு வயித்துல மலேரியா கிருமிய பாத்துட்டாரு, ஆனா கல்லீரல்ல வளருதுன்னு ஷார்ட், கார்ன்ஹாம்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கண்டுபிடிச்சது 1948ல. அரை நூற்றாண்டு. இதையா பழைய சப்ஜெக்ட்ங்குறீங்க?

அப்புறம் கார்ப்பரேஷன் ஆளு வந்து எங்க மொட்டைமாடி டேங்க்ல மொண்டு காட்டினாரு. டெங்கு கொசுப் புழு தலைகீழா தொங்குமாம், மலேரியா கொசுப் புழு தண்ணி மேல படுத்தாப்ல மிதக்குமாம். எங்க டேங்க்ல எல்லாம் படுத்துட்டு இருந்துச்சு. டேங்குக்கு மூடியே கிடையாது. ஹவுஸ் ஓனர்ட்ட சொன்னா "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு எதுவும் வரலயே"ங்குறாரு. காலி பண்றப்போ பெயிண்டிங் சார்ஜ்னு ஒரு மாச வாடகைய அட்வான்ஸ்ல புடிச்சுக்கிட்டாரு, ஒரு ஆணி கூட அடிக்கல சார் நாங்க. அந்த காசுல நாலு மூடி வாங்கிருக்கலாம்.