படிப்பு முடிந்தது, வலைப்பூ நிற்கிறது

இணையம்: வாசகர் கேள்வி – பதில்

ஊடகக் கற்கையின் ஒப்படைக்காக வாரம் ஒன்றாக 12 பதிவுகள் எழுதினேன். பல்கலைக்கழக மின்னஞ்சலால் கூகுளின் வலைப்பூச் சேவையான புளொக்கரில் தொடங்கிய வலைப்பூ. பாடம் முடிந்துவிட்டது. அழிக்கவா, வைத்திருக்கவா?
— மாணவி, கோண்டாவில்

அதை ஆறுதலாக யோசிக்கலாம். மின்னஞ்சலுக்குத்தான் அவசரம். பல்கலைக்கழக முகவரி மூடப்பட்டால் வலைப்பூவின் திறப்பும் அதோடு போய்விடும். பதிவுகள் ஊருக்கெல்லாம் தெரிந்துகொண்டிருக்கும், உங்களால் ஒரு சந்திப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

முதலில் சொந்த ஜிமெயில் முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புளொக்கரின் அமைப்புகளில் ‘அனுமதிகள்’ பகுதிக்குப் போய், புதிய முகவரியை ஆசிரியராக அழையுங்கள். அழைப்பைப் புதிய முகவரியில் ஏற்றபின், பழைய கணக்கால் மீண்டும் நுழைந்து புதியவரை ‘நிர்வாகி’ ஆக்குங்கள். பலர் இந்த இரண்டாம் படியை மறந்துவிடுகிறார்கள். வெறும் ஆசிரியராக இருப்பவர் தன் பதிவை எழுதலாம், அமைப்புகளைத் தொட முடியாது. புதிய கணக்கால் அமைப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். படங்களில் கவனம் வேண்டும். அவை ஏற்றிய கணக்கோடு கட்டுப்பட்டவை. அந்தக் கணக்கு அழிந்தால் படம் இருந்த இடத்தில் வெற்றுப் பெட்டி நிற்கக்கூடும். ஆகவே எல்லாப் படங்களையும் இறக்கி, புதிய கணக்கால் திரும்ப ஏற்றிவிடுங்கள். 12 பதிவுக்கு ஒரு பின்னேரம் போதும்.

அடுத்தது காப்புப் பிரதி. அமைப்புகளில் ‘உள்ளடக்கத்தைக் காப்பெடு’ என்பதை அழுத்தினால் காப்புக் கோப்பு ஒன்று கிடைக்கும். எழுத்தும் பின்னூட்டங்களும் அதில் இருக்கும். படங்களுக்கு இணைப்பு மட்டுமே இருக்கும், படம் இருக்காது. கோப்பு நல்லதா என்று அறிய, பரீட்சார்த்தமாக இன்னொரு தனிப்பட்ட வலைப்பூவைத் திறந்து அதற்குள் இறக்குமதி செய்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு, காப்பில் சேர்த்தியில்லை.

பெறுபேறு வந்து, மீள்பரிசீலனைக் காலமும் கழியும்வரை பதிவுகளில் கைவைக்க வேண்டாம். மதிப்பிடுபவர் அதே இணைப்பைத் திரும்பத் திறக்கலாம். பிறகு சலித்தெடுங்கள். பதிவிலக்கம், பாடக் குறியீடு, விரிவுரையாளரின் பெயர் ஆகியவை தலைப்பிலும் சுயவிபரத்திலும் ஒளிந்திருக்கும். அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். ‘இந்த வாரம் வகுப்பில் படித்தது’ என்று தொடங்குபவற்றால் வெளியாருக்குப் பயனில்லை, வெளியில் தெரியாத வரைவாக மாற்றிவிடலாம். 12 இல் மூன்றோ நாலோ மிஞ்சினால் அதுவே நல்ல விளைச்சல். அவற்றின் முதற்பந்தியை மட்டும் வகுப்பை அறியாத ஒருவருக்காகத் திருப்பி எழுதுங்கள்.

அழிப்பதென்றே முடிவெடுத்தாலும் 90 நாட்களுக்குள் மனம் மாறினால் புளொக்கர் மீட்டுத் தரும். புதிய ஜிமெயிலையும் கிடப்பில் போடாதீர்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம். ஈரடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது தரப்படும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

அரச பாடசாலையில் கற்பிக்கிறேன். புனைபெயரில் எழுத விருப்பம். ஆள் யாரென்று தெரியாமல் எவ்வளவு காலம் எழுதலாம்?
— ஆசிரியர், மானிப்பாய்

புனைபெயர் எங்களுக்குப் புதிதில்லை. ‘மஹாகவி’ என்று எழுதிய கவிஞர் து. உருத்திரமூர்த்தியும் ‘இலங்கையர்கோன்’ என்று எழுதிய சிறுகதையாசிரியர் த. சிவஞானசுந்தரமும் அரச நிருவாகத்தில் இருந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஆள் யாரென்று பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியும், இலக்கிய வட்டத்துக்கும் தெரியும். அந்தப் பெயர்கள் எழுத்துக்குச் சூட்டியவை, ஒளிந்துகொள்ள எடுத்தவையல்ல. உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எழுத்துக்கு ஒரு தனிப்பெயர் மட்டும் வேண்டுமென்றால் வேலை சுலபம். ஒருவரும் அறியக்கூடாதென்றால் பெயரை மாற்றுவது அந்த வேலையில் பத்தில் ஒரு பங்குதான்.

காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் சின்ன விசயங்கள். புளொக்கர் சுயவிபரத்தில் ஒரே கணக்கின் எல்லா வலைப்பூக்களும் வரிசையாகத் தெரியலாம். பாடசாலை வலைப்பூவும் புனைபெயர் வலைப்பூவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சுயவிபரத்தைத் திருத்தும் இடத்தில் காட்டவேண்டிய வலைப்பூக்களைத் தெரிவுசெய்யலாம். அதைவிடத் தனிக் கணக்கே நல்லது. அந்தக் கணக்குக்கு வழமையான போன் இலக்கத்தைக் கொடுத்தால் வாசகருக்குத் தெரியாது, நிறுவனத்துக்குத் தெரியும். பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் அதே இலக்கத்தைப் போட்டால், உங்கள் எண்ணைத் தொடர்புப் பட்டியலில் வைத்திருக்கும் சக ஆசிரியருக்கு ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று உங்கள் புனைபெயரே போய் நிற்கக்கூடும்.

வேர்ட் கோப்பையோ பிடிஎப்பையோ வாசகருக்குத் தரவேற்றினால் அதன் பண்புகளில் கணினிக்காரரின் பெயர் இருக்கும். வேர்ட்டில் ‘கோப்பு’, ‘தகவல்’, ‘ஆவணத்தைப் பரிசோதி’ என்று போய்த் தனிப்பட்ட தகவலை நீக்கிய பின்னரே பிடிஎப்பாக்குங்கள். போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு பதிந்திருக்கும். கமராவின் அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் கழலாது. இதையெல்லாம் செய்துவிட்டு, பின்னணியில் பாடசாலை மதிலோடு படம் போடுபவர்களும் உண்டு.

வலைப்பூ நடத்தும் இன்னொரு சேவையான வேர்ட்பிரசில் வேறோர் ஓட்டை. காட்சிப் பெயரை மாற்றினாலும், ஆசிரியர் பக்கத்தின் முகவரியில் நுழைவுப் பெயரே நிற்கும். கணக்கைத் திறக்கும்போதே நுழைவுப் பெயரையும் புனைபெயராக வையுங்கள்.

பேஸ்புக் பக்கம் வைத்தால், நடத்துபவரின் பெயர் வெளியில் தெரியாது. ஆனால் எந்த நாட்டிலிருந்து நடத்தப்படுகிறது, முன்னர் என்ன பெயர் இருந்தது என்பன ‘பக்க வெளிப்படைத்தன்மை’யில் வரும். ஆகவே பழைய பக்கத்தைப் பெயர் மாற்றிப் பாவிக்காமல் புதிதாகத் திறவுங்கள். அதிகம் நடக்கும் தவறு, பின்னூட்டத்துக்குப் பக்கத்தின் பெயரில் என்று நினைத்துச் சொந்தக் கணக்கால் பதில் போடுவது. அதற்கடுத்தது, பதிவு வந்து இரண்டு நிமிடத்தில் தம்பியும் மச்சாளும் முதல் விருப்பக்குறி இடுவது.

இத்தனைக்கும் பிறகு மொழி ஒன்று மிச்சமிருக்கிறது. நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பழமொழி, முற்றுப்புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கம், பதிவு வரும் நேரம் ஆகியவற்றை வைத்தே, உடன் வேலைசெய்பவர் கண்டுபிடிப்பார். ஆகவே, தெரியவந்தால் தாங்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

சட்டப் பக்கம்: அரச ஊழியர் ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவது பற்றித் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தில் விதிகள் உள்ளன. புனைபெயர் அவற்றிலிருந்து விடுதலை தராது. குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். இல்லாத பெயரில் எழுதுவதும் இருக்கும் ஒருவரின் பெயரில் எழுதுவதும் வேறு வேறு. ஆள்மாறாட்டத்தை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தொடுகிறது. பகிடிக்கென்றாலும் அதிபரின் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள்.

ஒப்படைக்காக அயலிலுள்ள ஓர் அம்மாவின் இடப்பெயர்வு அனுபவத்தைப் படத்தோடு போட்டேன். இப்போது எடுக்கச் சொல்கிறார். வரைவாக மாற்றியும் கூகுளில் தெரிகிறது.
— பருத்தித்துறை

கேட்டவுடன் எடுத்தீர்களே, அது சரியான வேலை. வகுப்புக்கென்று தந்த சம்மதம் வகுப்போடு முடிந்தது என்றே கொள்ளவேண்டும்.

கூகுள் தன் பழைய நகலைக் காட்டுகிறது. ‘காலாவதியான உள்ளடக்கத்தை அகற்று’ என்ற கூகுள் பக்கத்தில் பதிவின் முழு இணைப்பையும் ஒட்டிக் கோரிக்கை விடுங்கள். படத்துக்குத் தனி இணைப்பு உண்டு, அதற்கு வேறாகக் கேட்கவேண்டும். வலைப்பூவைக் கூகுளின் தேடல் பணியகத்தில் (சேர்ச் கொன்சோல்) பதிந்திருந்தால் அங்கிருந்தும் மறைக்கலாம். அந்த மறைப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கே என்பதால், அதற்குள் பதிவு உண்மையில் இல்லாமல் போயிருக்க வேண்டும். பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெசினில் அதே இணைப்பைப் போட்டுப் பாருங்கள். நகல் இருந்தால், வலைப்பூவின் உரிமையாளர் என்று சொல்லி மின்னஞ்சலில் கேட்கலாம். வட்ஸ்அப் குழுக்களில் போனதைத் திருப்பி எடுக்க வழியில்லை. அதை அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி எழுதும்போது ‘வகுப்புக்கு மட்டும்’, ‘இணையத்தில் பெயரின்றி’, ‘பெயரோடும் படத்தோடும்’ என்று மூன்றாகப் பிரித்துச் சம்மதம் கேளுங்கள்.

தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு ஏன் கோணலாக வருகிறது? பாமினியில் தட்டிய பழைய கட்டுரைகளையும் ஏற்றலாமா?
— சாவகச்சேரி

புளொக்கர் இணைப்பில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு போன்றவற்றையே ஏற்கும். தலைப்பு முழுக்கத் தமிழென்றால் ‘புளொக் போஸ்ட்’ என்று ஒரு பொதுப்பெயரும் எண்ணும் இட்டுவிடும். வெளியிடுமுன் ‘நிரந்தர இணைப்பு’ என்ற இடத்தில் தனிப்பயன் இணைப்பைத் தெரிந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நாலு சொல் கொடுங்கள். வெளியிட்ட பிறகு தலைப்பை மாற்றினாலும் இணைப்பு மாறாது.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் இணைப்புக்குள் 9 குறிகளாக விரியும். எல்லை 200 என்பதால் ஏறத்தாழ 22 குறிகளோடு தலைப்பு அறுந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள் என்பதால் பெரும்பாலும் இரண்டு மூன்று சொல்லுக்குமேல் தாங்காது.

பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் எழுத்துரு. அதை அப்படியே ஒட்டினால் வாசகருக்கு ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும், தேடலிலும் அகப்படாது. இணையத்தின் பொதுக் குறிமுறையான யுனிகோட்டுக்கு மாற்றித்தரும் மாற்றியில் இட்டு மாற்றுங்கள். மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘கௌ’ வரிசை, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று நினைத்து அது குதறிவைக்கும். ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருந்தால் ‘ஔவையார்’ என்று தேடுபவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காது.

பேஸ்புக் இருக்க வலைப்பூ எதற்கு?
— நல்லூர்

இரண்டு வருடத்துக்கு முன் பேஸ்புக்கில் நீங்கள் எழுதிய ஒன்றை இப்போது தேடிப் பாருங்கள். தேட எடுக்கும் நேரத்திலேயே விடை தெரியும். முதலில் வலைப்பூவில் போட்டு, இணைப்பைப் பேஸ்புக்கில் பகிருங்கள்.

பெயரை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதிவிட்டேன். நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் என்ன செய்யலாம்?
— அச்சுவேலி

எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. அடையாள அட்டையில் ‘தர்சினி’க்கு டி, எச், பேஸ்புக்கில் எச் இல்லை, வலைப்பூவில் தமிழில் மட்டும். தகப்பனின் முதலெழுத்து சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். தேடுபவருக்கு நீங்கள் மூன்று பேர்.

அடையாள அட்டையில் உள்ள ஆங்கில வடிவத்தை அடிப்படையாக எடுங்கள். வலைப்பூவின் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் அதையும் தமிழ் வடிவத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். பேஸ்புக்கில் ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாள் மாற்ற முடியாது, எழுத்தைச் சரிபார்த்து அழுத்துங்கள். ஆய்வுப் பக்கம் போக எண்ணமிருந்தால் ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம். பெயர் எத்தனை விதமாக அச்சானாலும் கட்டுரைகளை அந்த எண்ணோடு சேர்த்துவிடலாம். எல்லாம் முடிந்ததும், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் உங்கள் பெயரின் ஒவ்வொரு வடிவத்தையும் தேடி, முதல் இரண்டு பக்கத்தைப் பாருங்கள். சொந்தக் கணக்கில் நுழைந்தபடி தேடினால் கூகுள் உங்களுக்கேற்ப அடுக்கிக் காட்டலாம், நேர்முகம் காண்பவர் பார்ப்பது அப்படியே இராது.