ஐந்தாம் முறை வந்த டெர்மினேட்டர்

கேள்வி: ‘டெர்மினேட்டர்’ முதல் இரண்டு படங்களையும் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. சென்ற வாரம் என் மகனுடன் அமர்ந்து, 2015இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ படத்தைப் பார்த்தேன். அதே அர்னால்டு, பணத்தையும் வாரி இறைத்திருக்கிறார்கள். இருந்தும் பாதியிலேயே இருவருக்கும் கொட்டாவி வந்துவிட்டது. குறை படத்திலா, எங்களிடமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: படத்தில்தான். 1984இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த முதல் படத்துக்கு ஏறத்தாழ 64 லட்சம் டாலர் செலவாயிற்று. ஜெனிசிஸுக்கோ 15 கோடி டாலருக்கு மேல். ஆனால், எதிர்காலத்திலிருந்து கொல்ல வந்து துரத்தும் இயந்திரத்திடம் கெஞ்சவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது என்று முதல் படம் நம் வயிற்றில் புளியைக் கரைத்ததே, அந்தப் பயம் இதில் எந்த இடத்திலும் எழவில்லை.

இரண்டாம் படத்தில் (1991) மனநல மருத்துவமனைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். உருகும் உலோகத்தாலான டி-1000 என்ற கொலை இயந்திரம், பூட்டிய கம்பிக் கதவின் ஊடாகத் தண்ணீரைப்போல் நடந்து வருகிறது. உடல் முழுவதும் வந்துவிட்ட பிறகு, கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் கம்பியில் ‘டக்’கென்று இடிக்கிறது, அது கையைச் சற்றே திருப்பித் துப்பாக்கியை வெளியே எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல மேலே நடக்கிறது. உடல் உருகும், துப்பாக்கி உருகாது என்ற சின்ன நியாயத்தை மறக்காமல் காட்டியதால்தான் அந்தப் பெரிய பொய்யை நாம் நம்பினோம். அப்படிப்பட்ட ஒன்றை வீழ்த்த அந்தப் படம் முழுவதும் தேவைப்பட்டது. கடைசியில் கொதிக்கும் எஃகுக் குழம்பில் விழுந்துதான் அது அழிந்தது. ஜெனிசிஸிலும் ஒரு டி-1000 வருகிறது. முன்னதாகவே ஏற்பாடு செய்து வைத்திருந்த அமிலத்தைக் கொட்டி, படம் பாதியை எட்டுவதற்குள் அதன் கதையை முடித்துவிடுகிறார்கள்.

கதையின் முடிச்சும் இப்படித்தான் தளர்ந்துபோயிற்று. முதல் படத்தின் முடிவில், இயந்திரம் கொல்லத் துரத்திய சாராவை ஒரு சிறுவன் புகைப்படம் எடுப்பான்; அவளைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த கைல் ரீஸ், அங்கே பார்த்துப் பார்த்துக் காதல்வயப்பட்ட படம் அதுவேதான் என்று நமக்குத் தெரியவரும்போது மனம் கனத்துவிடும். ஜெனிசிஸின் சாராவுக்கோ, தான் யாரைக் காதலித்து யாரைப் பெற வேண்டும் என்பது முன்கூட்டியே ஒப்பிக்கப்பட்ட பாடம்; எனவே காதல், பெரியோர் நிச்சயித்துவிட்ட சம்பந்தம்போல இருவருக்குமே சங்கடமாகிவிடுகிறது. போதாக்குறைக்குக் காலம் 1973, 1984, 2017 என்று தாவுகிறது. சிறுமி சாராவைக் காக்க, முதிய அர்னால்டாக வரும் அந்தக் கிழ இயந்திரத்தை அனுப்பியவர் யார் என்ற கேள்வியைப் படமே எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டியது விளம்பரம். சாராவின் மகனும் மனிதகுலத்தின் மீட்பருமான ஜான் கானரே இயந்திரமாக மாறிவிட்டார் என்பதுதான் படத்தில் இருந்த ஒரே அதிர்ச்சி. அதையும் முன்னோட்டத்திலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்! தியேட்டருக்கு வந்தவருக்கு மிச்சம் என்ன இருந்தது? ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1984இன் இளம் அர்னால்டைக் கணினியில் மீட்டெடுத்து, முதிய அர்னால்டோடு மோதவிட்ட சண்டை நேர்த்தியானது. அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் கொட்டாவி விட்டிருக்கமாட்டீர்கள்.

கேள்வி: அப்படியானால் படம் தோல்வியா?
– அதே வாசகி

பதில்: உலகம் முழுவதும் 44 கோடி டாலர் வசூலித்தது. அதில் அமெரிக்காவின் பங்கு 9 கோடிக்கும் குறைவு. சீனா மட்டுமே 11 கோடிக்கு மேல் தந்தது. இதைத் தொடர்ந்து எடுக்கத் திட்டமிட்டிருந்த இரண்டு படங்களும் கைவிடப்பட்டன. 2019இல் வந்த ‘டார்க் ஃபேட்’, மூன்று, நான்கு, ஐந்தாம் படங்கள் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் படம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கியது.