ராமநாதபுரத்தில் நகரச் சதுக்கம் என்று சொல்லத்தக்க இடம் உண்டா? அதன் வரலாறு என்ன?

உண்டு. அரண்மனை வாசல்தான் அது. யாரும் அளந்து திட்டமிட்டுக் கட்டிய சதுக்கம் அல்ல. இந்தப் பகுதியான சேது நாட்டை ஆண்ட சேதுபதி மன்னர்களின் கோட்டை வாசலில் நியாயம் கேட்கவும், வரி செலுத்தவும், திருவிழா பார்க்கவும் மக்கள் கூடிக் கூடி உருவான இடம்.

சேதுபதிகளின் தலைநகரம் முதலில் போகலூரில் இருந்தது. அதை இங்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. அரண்மனை வளாகத்துக்குள் இன்றும் நிற்கும் இராமலிங்க விலாசம் என்ற மண்டபமும் அவர் எழுப்பியதே. அதன் சுவர்களில் உள்ள ஓவியங்கள் பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. இராமாயணக் காட்சிகளுக்கு நடுவே, ராஜராஜேஸ்வரி அம்மன் மன்னருக்குச் செங்கோல் வழங்குவதையும், தஞ்சை மராத்தியருடன் நடந்த போரையும், தொப்பியணிந்த ஐரோப்பியர் மன்னரைக் காண வந்து நிற்பதையும் அங்கே பார்க்கலாம்.

அந்தத் தொப்பிக்காரர்களின் இனத்தார் அதிகாரம் செலுத்த வந்தபோது நிலைமை தலைகீழானது. 1772இல் ஆங்கிலேயர் படை கோட்டையைப் பிடித்தது. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார்கள். 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், தம்மைக் காண ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வந்த வீரபாண்டிய கட்டபொம்மனை இறுதியில் இராமலிங்க விலாசத்தில்தான் சந்தித்தார். அவரைச் சிறைப்பிடிக்க முயன்றபோது மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார்; கட்டபொம்மன் தப்பினார். 1803இல் சேது நாடு வெறும் ஜமீனாகச் சுருங்கியது.

அரசு போயிற்று, கூட்டம் போகவில்லை. சாலைத் தெருவிலும் வண்டிக்காரத் தெருவிலும் துணி எடுக்கத் தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கத்திலிருந்து வருபவர்கள் இங்குதான் வந்து சேர்கிறார்கள். எந்தக் கட்சி ஆர்ப்பாட்டம் அறிவித்தாலும் இடம் 'அரண்மனை முன்பு' என்றே இருக்கும். கோரிக்கை வைக்க மக்கள் இன்றும் அரசர் வாசலுக்கே வருவது எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். நவராத்திரியில் அம்மன் கோயில் கொலுவுக்காக வளாகமே நிறைந்துவிடும். விஜயதசமியன்று அம்பு விடும் மகர்நோன்புக்காக அம்மன் புறப்படுவதும் இங்கிருந்துதான்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் மல்லிகைப்பூ முழம் போடும் பெண்களுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு நடப்பவர்களில் பெரும்பாலோர், தொல்லியல் துறை பராமரிக்கும் அந்த ஓவிய மண்டபத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. மாலை நேரத்தில் மட்டுமாவது இங்கே வண்டிகளைத் தடுத்தால் நின்று பார்க்கவாவது இடம் கிடைக்கும் என்பது என் கருத்து. கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.