கூச்சலில் முடிந்த கூட்டத்துக்குப் பிறகு மக்கள் பிரதிநிதியோடு மீண்டும் பேசுவது எப்படி?

கேள்வி: எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். சென்ற ஆண்டு தொகுதியின் மக்கள் பிரதிநிதியை அழைத்துக் குறைகேட்புக் கூட்டம் நடத்தினோம். பாதியிலேயே கூச்சல் எழுந்தது. சிலர் அவரைத் தரக்குறைவாகப் பேசினார்கள். அவரும் பதிலுக்குக் கடுமையாகப் பேசிவிட்டு வெளியேறினார். அதன்பின் எங்கள் கடிதங்களுக்குப் பதில் இல்லை. இனி அவரைக் கூப்பிடவே கூடாது என்று உறுப்பினர்களும் சொல்கிறார்கள். அவருடைய பதவிக்காலம் முடிய இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு தொடங்காதீர்கள். இத்தகைய சமரச முயற்சிகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன, அங்கேயே நின்றும்விடுகின்றன. கேட்ட கேள்விக்கு விடை வரும், சொன்ன சொல் கணக்கில் வைக்கப்படும் என்ற நிலை ஏற்பட்டால் குரல்கள் தாமாகவே தணியும். விடையே வராத கூட்டத்தில் எவ்வளவு பண்பான மனிதரும் இரண்டாவது மணி நேரத்தில் எழுந்து நின்று கத்தத்தான் செய்வார்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (OECD) 2023-இல் 30 நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், தங்கள் தேசிய அரசின் மீது போதிய நம்பிக்கை உண்டு என்று 39 விழுக்காட்டினர் கூறினர். நம்பிக்கை குறைவு அல்லது அறவே இல்லை என்று 44 விழுக்காட்டினர் கூறினர். உங்களுக்குப் பயன்படக்கூடிய எண்கள் அதே ஆய்வில் வேறோரிடத்தில் இருக்கின்றன. அரசின் செயல்களில் தம் பேச்சு எடுபடுகிறது என்று கருதியவர்களில் 69 விழுக்காட்டினர் அரசை நம்பினார்கள். எடுபடவில்லை என்று கருதியவர்களில் நம்பியவர்கள் 22 விழுக்காட்டினரே. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் நீதிமன்றங்களையும் காவல் துறையையும் பற்றிப் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகளும் இதையொட்டியவையே. தம் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்து, பாரபட்சமின்றியும் மரியாதையோடும் நடத்தப்பட்டால், முடிவு தமக்குப் பாதகமாக அமைந்தாலும் மக்கள் அதை ஏற்றுக்கொள்ளப் பெரிதும் முன்வருகிறார்கள் என்பது அவருடைய கண்டறிதல். ஆகவே, உங்கள் பிரதிநிதி எல்லாக் கோரிக்கைகளையும் நிறைவேற்றினால்தான் உறவு சீராகும் என்று நினைக்க வேண்டியதில்லை. முடியாதவற்றை முடியாது என்று காரணத்தோடு சொல்லும் பிரதிநிதி, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிரதிநிதியைவிட நீண்ட காலம் நம்பப்படுகிறார்.

முதல் வேலை ஒரு கடிதம். அதில் சென்ற கூட்டத்தில் உங்கள் தரப்பில் நடந்த தவறை மட்டும் குறிப்பிட்டு வருத்தம் தெரிவியுங்கள். "எவர் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதுவது வருத்தமே ஆகாது. உறுப்பினர்கள் சிலர் தனிப்பட்ட முறையில் இழிவாகப் பேசியதும், அவர்களைச் சங்கம் தடுக்கத் தவறியதும் தவறு என்று நேராகவே எழுதுங்கள். அவர் பேசியதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வரியும் வேண்டாம். உறுப்பினர்கள் இதற்கு இணங்க மறுப்பார்கள்; அவர் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்பார்கள். அவர் தம் பங்குக்கு வருத்தம் தெரிவித்தால் நல்லது, ஆனால் அதை நிபந்தனையாக்கினால் இன்னும் ஓராண்டு கழியும். அந்த ஓராண்டு இழப்பு அவருக்கல்ல, குறை தீராத உங்களுக்குத்தான்.

அதே கடிதத்தில் உங்கள் கோரிக்கைகளை விட்டுக்கொடுத்ததாக ஒரு தோற்றமும் வரக் கூடாது. பண்பு வேறு, பணிவு வேறு. கடினமான கேள்வியைக் கேட்பதும், கணக்குக் கேட்பதும், ஒரு முடிவைத் தவறு என்று பொதுவில் சொல்வதும் பண்புக் குறைவல்ல. "மரியாதையாகப் பேசுங்கள்" என்ற சொல்லையே கேள்விகளை அடைக்கும் தாழ்ப்பாளாகப் பயன்படுத்தும் தலைவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். மறுபுறம், மக்களை நேரில் சந்திப்பதில் தலைவர்களுக்கு உள்ள அச்சத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் 2016 ஜூன் 16 அன்று தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். டேவிட் அமெஸ் 2021 அக்டோபர் 15 அன்று அத்தகைய சந்திப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார். எனவே வரையறையைத் தெளிவாக வையுங்கள்: முடிவுகள், செலவுகள், வாக்குறுதிகள், வருகைப் பதிவு ஆகிய எல்லாம் விமர்சனத்துக்கு உரியவை; குடும்பம், உடல், பிறப்பு, மதம் ஆகியவை அல்ல; மிரட்டல் எவ்வடிவில் வந்தாலும் அதைச் செய்தவர் அப்போதே வெளியேற்றப்படுவார். இதை இரு தரப்புக்கும் பொதுவாக எழுதி, கூட்டத் தொடக்கத்தில் படித்துவிடுங்கள்.

அடுத்த சந்திப்பைப் பொதுக்கூட்டமாக வைக்க வேண்டாம். பெருங்கூட்டத்தின் முன் நிற்கும் அரசியல்வாதி அதை மேடையாகவே காண்பார், எழுந்து பேசும் உறுப்பினரும் அப்படியே. அயர்லாந்தில் அரசமைப்பில் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பரிந்துரைக்க 2012 டிசம்பர் முதல் 2014 மார்ச் வரை இயங்கிய அரசமைப்பு மாநாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 66 குடிமக்களும், 33 அரசியல்வாதிகளும், ஒரு தலைவரும் அதில் இருந்தார்கள். மேடையும் பார்வையாளர் வரிசையும் என்று பிரிக்காமல், சிறு வட்ட மேசைகளில் இரு தரப்பினரையும் கலந்து உட்கார வைத்தார்கள். பேச்சை நெறிப்படுத்த ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் இருந்தார். ஒருபால் திருமணம் போன்ற, வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டக்கூடிய பொருள் அங்கே நிதானமாகப் பேசப்பட்டது; அதை அனுமதிக்க வேண்டும் என்ற அம்மாநாட்டின் பரிந்துரை 2015 மே 22 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து 62 விழுக்காடு ஆதரவு பெற்றது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கு மாதங்களுக்குள் பதில் அளிப்பதாக அரசு முன்கூட்டியே உறுதி கூறியிருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய கூறு. பரிந்துரைகள் எல்லாம் நிறைவேறிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் அளவில் இது எளிது. இரு தரப்பும் ஏற்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியரோ மருத்துவரோ, கட்சிச் சார்பில்லாதவராக, கூட்டத்தை நடத்தட்டும். உங்களில் எட்டுப் பத்துப் பேர் போதும். அவர்களில் சென்ற முறை மிகவும் கோபப்பட்டவர் ஒருவராவது இருக்கட்டும், அவரை விலக்கி வைத்தால் வெளியில் இருந்து அவர் இந்த முயற்சியையே முறித்துவிடுவார். பேசுபொருள் ஒன்றே ஒன்று. கேள்விகள் பத்து நாள் முன்பே எழுத்தில் போய்ச் சேர வேண்டும். முன்னறிவிப்பின்றிக் கேட்டு மடக்குவதில் கைத்தட்டல் கிடைக்கும், தகவல் கிடைக்காது.

கேள்விகளை அனுப்பும் முன் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. எந்தக் குறை அவருடைய அதிகாரத்துக்குள் வருகிறது, எது உள்ளாட்சியின் பொறுப்பு, எது ஒரு துறை அதிகாரியின் பொறுப்பு என்று பிரியுங்கள். தொகுதிப் பிரதிநிதிகள் மீது வரும் கோபத்தில் கணிசமான பகுதி அவர்கள் கையில் இல்லாத வேலைகளைப் பற்றியது. அதற்கு அவர்களும் காரணம்தான்: தேர்தல் நேரத்தில் தம் அதிகாரத்துக்குள் இல்லாதவற்றையும் செய்து தருவதாகச் சொன்னவர்கள் அவர்களே. அதிகாரத்துக்கு வெளியே உள்ளவற்றில், உரிய அதிகாரிக்கு எழுதி அதன் நகலைத் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகளில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: "செய்கிறேன், இந்தத் தேதிக்குள்"; "செய்ய முடியாது, இந்தக் காரணத்தால்"; "இப்போது தெரியாது, இந்த நாளில் சொல்கிறேன்". "ஆவன செய்யப்படும்" என்பது விடையல்ல. கூட்டம் முடியும் முன்பே இவற்றை ஒரே தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, அன்றே எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை இந்த அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. அங்கே விவாதத்தைத் திறந்தால், அரைகுறைச் செய்தியும் கேலிப்படங்களும் சேர்ந்து உங்கள் உழைப்பை ஒரே இரவில் கரைத்துவிடும்.

இரண்டாவது சந்திப்பு முதலாவதைவிட முக்கியமானது, அது அந்தத் தாளை வாசிப்பதில்தான் தொடங்க வேண்டும். பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய, நகரச் செலவில் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்யும் மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், ஆண்டின் முதல் சுற்றுக் கூட்டங்களிலேயே சென்ற ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகள் எந்த நிலையில் உள்ளன என்று நகர நிர்வாகம் மக்கள் முன் கணக்குக் காட்டியது. பிற்காலத்தில் அரசியல் மாறி அம்முறை நலிந்தாலும், இந்த ஒரு வழக்கத்தை யாரும் எங்கும் எடுத்துக்கொள்ளலாம். நிறைவேறியவற்றையும் நிறைவேறாதவற்றையும் ஒரே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அவர் செய்ததைச் செய்ததாகச் சொல்லாத சங்கம், செய்யாததைச் சுட்டும்போது எடுபடாது.

கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதுங்கள்; அதற்கும் பதில் இல்லையெனில் கேள்விகளை மட்டும், வசைச் சொல் ஒன்றும் இல்லாமல், பொதுவில் வெளியிடுங்கள். தகவல் கோரும் சட்டமும், அரசின் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் அமைப்பும் உள்ள நாடுகளில் அவ்வழிகளையும் உடன் நடத்தலாம். சுவீடன் இவற்றில் முதலாவதற்கு 1766-இலும் இரண்டாவதற்கு 1809-இலுமே வழி செய்துவிட்டது, எனவே இதில் புதுமையோ பகையோ ஏதுமில்லை. கையெழுத்தான தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருங்கள். அடுத்த தேர்தலில் வேறு கட்சிக்காரர் வென்று வந்தால், அவருடனான முதல் சந்திப்பில் அந்தக் கோப்பின் நகலைக் கொடுத்து, நிலுவையில் உள்ள பக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.