அபூர்வத் துகளுக்கு அளவுகோல் ஏது?

கேள்வி: ஐயா, விண்வெளியிலிருந்து வரும் மிக அதிக ஆற்றல் கொண்ட அண்டக்கதிர்த் துகள் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு வருடத்துக்கு ஒன்றுதான் விழும் என்று படித்தேன். பிறகு எப்படி அதற்கு 'ஆற்றல் நிறமாலை' என்று, எந்த ஆற்றலில் எத்தனை துகள் எனக் காட்டும் வரைபடம் போடுகிறார்கள்? எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கருவி வைக்கலாமா?
– படிவம் 6 மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நூறு வருடத்துக்கு ஒன்று என்பதே தாராளக் கணக்கு. துகள் ஆற்றலின் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் 10இன் 20ஆம் அடுக்குக்கு மேலே போனால் அதுகூடக் கிடைக்காது. அதனால் நிலத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அர்ஜென்டினாவில் மலார்குவே ஊரையொட்டியிருக்கும் பியேர் ஓஜே ஆய்வகத்தின் பரப்பு 3,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று பினாங்கு. உங்கள் தோட்டத்தில் செம்பனையை முக்கோணம் முக்கோணமாக நட்டிருப்பார்களே, அதே ஒழுங்கில்தான் அங்கே 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் என்றால் தொட்டிக்குத் தொட்டி 1,500 மீட்டர்.

துகள் அப்படியே தரைக்கு வருவதில்லை. உயரத்தில் காற்றில் மோதி, அதில் பிறந்தவை மறுபடி மோதி, கோடிக்கணக்கான சிறு துகள்களாகப் பல சதுர கிலோமீட்டரில் பொழியும். ஒவ்வொரு தொட்டியிலும் 12,000 லிட்டர் சுத்தமான தண்ணீர், உள்ளே கும்மிருட்டு. துகள் அதில் ஒளியைவிட வேகமாகப் பாய்ந்தால் மங்கலான நீல வெளிச்சம் வரும், மங்கலான ஒளியையும் மின் சமிக்ஞையாக்கும் மூன்று ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். (ஒளியைவிட வேகமா என்று சண்டைக்கு வராதீர்கள், தண்ணீருக்குள் ஒளியே கொஞ்சம் நிதானமாகத்தான் போகும்.)

சரி, இது பொழிவின் அளவைச் சொல்லும், ஆற்றலைச் சொல்லாது. பொழிவு இறங்கும் வழியில் காற்றிலுள்ள நைட்ரஜன் புற ஊதா ஒளி விடுகிறது. அந்த ஒளி, காற்றில் கொட்டப்பட்ட ஆற்றலுக்கு நேர் விகிதம். அதைப் பார்க்கத் தொலைநோக்கிகள் இருக்கின்றன, ஆனால் நிலவில்லாத தெளிந்த இரவில் மட்டுமே வேலை செய்யும், மொத்த நேரத்தில் சுமார் 15 சதவீதம். அந்த இரவுகளில் தொட்டியும் தொலைநோக்கியும் சேர்ந்து பார்த்த பொழிவுகளை வைத்து, தொட்டியில் இவ்வளவு சமிக்ஞை என்றால் இவ்வளவு ஆற்றல் என்று முடிவு செய்துகொண்டு, மற்ற நேரத்தில் தொட்டிகளை மட்டும் நம்புகிறார்கள்.

என்னைக் கேட்டால் துகள்களை எண்ணுவதைவிட, சமிக்ஞையை ஆற்றலோடு பொருத்தும் இந்த வேலைதான் பெரிது. ஆற்றல் 10 மடங்கு ஏறினால் அதற்கு மேலுள்ள துகள்கள் ஏறக்குறைய 100இல் ஒன்றாகிவிடும். ஆகவே ஆற்றலை 10 சதவீதம் கூட்டிப் போட்டாலே எண்ணிக்கை 20 சதவீதம் எகிறும். இந்தத் துல்லியம் எங்கே தேவை என்றால், 1966இல் கிரெய்சன் ஒரு பக்கமும் சட்செபின், குஸ்மின் இன்னொரு பக்கமுமாக இயற்பியலாளர்கள், விண்வெளி எங்கும் நிறைந்திருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் மோதி இத்துகள்கள் ஆற்றலை இழக்கும், ஆகவே ஓர் ஆற்றல் எல்லைக்கு மேல் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று குறையும் என்றார்கள். ஜப்பானின் அகாசா ஆய்வகம் அந்தக் குறைவைக் காணவில்லை, அமெரிக்காவின் ஹைரெஸ் ஆய்வகம் கண்டது, பல வருடம் இழுபறி. இப்போது ஓஜேயிலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள டெலஸ்கோப் அரே ஆய்வகத்திலும் சரிவு தெளிவாகத் தெரிகிறது. அதற்கு அந்த மோதல்தான் காரணமா, அல்லது துகள்களை முடுக்கும் இடங்களுக்கே அவ்வளவுதான் சக்தியா என்பதில் இன்னும் வாக்குவாதம்.

அப்புறம் உங்கள் தோட்டம். தொலைநோக்கிக்கு நம் ஊர் மேகமும் ஈரக்காற்றும் ஒத்துவராது. தொட்டிக்கு மழை பிரச்சினையில்லை, ஆனால் ஒரே தொட்டியை வைத்துப் பொழிவின் ஆற்றலைக் கணக்கிட முடியாது. இந்தப் பொழிவுகளில் பிறந்து தரைவரை வரும் மியூவான் என்ற சிறு துகளை எண்ணுகிற கருவி வைக்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் நூறு வரும், அறிவியல் விழாவுக்கு அது போதும்.